ஆபரேஷனுக்கு முன்னாடி டீ குடிக்கலாமுங்களா?

கேள்வி (கோபி):
அம்மாயிக்கு 68 வயசுங்க. பித்தப்பைக் கல், கோயமுத்தூர்ல காலை 9 மணிக்கு முழு மயக்கத்துல ஆபரேஷன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டபாக்ளிஃப்ளோசின், பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடறாங்க. விடியக்காலம் டீ இல்லாம முடியாதுங்கறாங்க, குடுக்கலாமுங்களா?

பதில் 1:
பால் டீ வேண்டாமுங்க. பால் வயித்துக்குள்ள திரிஞ்சு கெட்டியாயிரும், அதனால சோத்துக் கணக்குத்தான்: ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும். கறி, எண்ணெய்ப் பலகாரம்னா 8. வெறும் தண்ணியோ பால் விடாத கடுங்காப்பியோ 7 மணி வரைக்கும் பொதுவா சரி. ஆனா சர்க்கரை இருக்கறவங்கள்ல சிலருக்கு வயிறு மெதுவாத்தான் காலியாகும், மயக்க டாக்டர் சொல்ற நேரமே கடைசி. மயக்கத்துல இருமல் வராது. வயித்துல கெடக்கறது மேலேறி நுரையீரல்ல எறங்குச்சுன்னா அமிலம் அதைப் புண்ணாக்கிரும். ஒரு வாய் குடிச்சிருந்தாலும் மறைக்காம சொல்லிருங்க.

பதில் 2:
டீயை விட டபாக்ளிஃப்ளோசின்தான் எனக்குக் கவலை. ஆபரேஷனுக்கு 3 நாள் முன்னாடியே நிறுத்தணும். பட்டினியோட சேர்ந்தா, உடம்பு கொழுப்பைக் கரைக்கறப்ப வர்ற கீட்டோன் அமிலம் ரத்தத்துல ஏறும். குளுக்கோமீட்டர்ல சர்க்கரை அவ்வளவா ஏறாமலே இருக்கும், அதனால கண்டுபிடிக்கத் தாமதமாகுது. இன்னைக்கே டாக்டருக்குப் போன் போடுங்க. மெட்ஃபார்மின் அன்னைக்குக் காலைல வேண்டாம். அம்லோடிபின் ஒரு மடக்குத் தண்ணியில குடுப்பாங்க.

பதில் 3:
அம்மாயி வெத்தலை பாக்கு போடுவாங்களா? வாயை நல்லாத் தொறக்கச் சொல்லி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல மூணு விரல் நிமிர்ந்து நுழையுதான்னு பாருங்க. பாக்குப் போட்டு வாய் இறுகியிருந்தா மயக்கத்துல மூச்சுக்கு ட்யூப் போடறது கஷ்டம், முன்கூட்டியே தெரிஞ்சா அதுக்கான கருவியோட தயாரா இருப்பாங்க. ஆடற பல், கழட்டற பல்செட்டையும் சொல்லிருங்க.