காலையில் முதல் தேடல் மட்டும் எட்டு வினாடி: கேஷ் சூடாகவில்லையா?

கேட்பவர், மன்னார்குடி:
வணக்கம். இங்கே ஒரு விதைநெல் கடைக்கு அப்பாச்சி சோலர் என்ற மென்பொருளில் தேடல் செய்து கொடுத்திருக்கிறேன். ரகம், பட்டம், வயது என்று வடிகட்டி, விலைப்படி அடுக்கலாம். சர்வரில் ரேம் 8 ஜிபி. அதில் சோலர் ஓடும் ஜாவாவுக்கு ஒதுக்கிய ஹீப்புக்கு மட்டும் 6 ஜிபி. காலை ஆறு மணிக்கு முதலில் தேடுபவருக்கு விடை வர எட்டு வினாடி ஆகிறது. அதையே மறுபடி தேடினால் உடனே வந்துவிடுகிறது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், குறுவை விதை தேடி விடிகிறபோதே வருவார்கள். வயலுக்குக் கிளம்புகிறவரை இப்படிக் காக்க வைக்க மனம் வரவில்லை. முன்கூட்டியே தேடல்களை ஓட்டிக் கேஷை (விடைகளை ரேமில் வைத்திருக்கும் இடம்) சூடாக்கும் ஃபர்ஸ்ட் சர்ச்சரில் எல்லா ஆவணத்தையும் கேட்கும் நட்சத்திரத் தேடலைப் போட்டுப் பார்த்தேன். பலனில்லை.

பதில், கும்பகோணம்:
தம்பி, ஃபர்ஸ்ட் சர்ச்சர் சோலர் எழும்போது மட்டும்தான் ஓடும். அப்புறம் மாற்றங்கள் பதிவாகி (கமிட்), அவற்றைப் படிக்கும் புது சர்ச்சர் திறக்கும்போதெல்லாம் ஓடுவது நியூ சர்ச்சர். இரண்டிலும் எழுதுங்கள். நட்சத்திரத் தேடல் போதாது. அது விலை வரிசையைத் தொடுவதே இல்லை. லாக்கைத் திறந்து ஆட்கள் உண்மையில் எதைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள். ஏடிடி 43, ஆடுதுறை 45, கோ 51 என்றுதான் இருக்கும். (ஏடிடி என்றாலும் ஆடுதுறை என்றாலும் ஒன்றுதான், ஒரே பொருள் தரும் சொற்களுக்கான சினானிம் கோப்பில் சேர்த்துவிட்டீர்களா?) அவற்றில் ஒரு பத்தை, குறுவை ஃபில்டரும் விலை அடுக்கும் சேர்த்தே வையுங்கள்.

பதில், நாகப்பட்டினம்:
எனக்கு அந்த 6 ஜிபி ஹீப்தான் உறுத்துகிறது. இரவில் பேக்கப் ஓடுகிறதா?

கேட்பவர்:
ஆமாம் அண்ணே, இரண்டு மணிக்கு. பயிர்ப் படங்களே 40 ஜிபி. சோலர் தேடிப் பார்க்கும் அட்டவணையான இண்டெக்ஸ் ஒன்றரை ஜிபிதான்.

பதில், நாகப்பட்டினம்:
அப்படியென்றால் அதுதான். இண்டெக்ஸ் கோப்புகளை லினக்ஸ் மீதி ரேமில், தன் பேஜ் கேஷில், வைத்திருப்பதால்தான் தேடல் வேகமாக இருக்கிறது. ஹீப் போக மிஞ்சுகிற கொஞ்ச இடத்தில் 40 ஜிபி படமும் புகுந்து புறப்பட்டால் இண்டெக்ஸ் வெளியே போய்விடும். ஹீப்பை 2 ஜிபி ஆக்குங்கள். பேக்கப் முடிந்ததும் இண்டெக்ஸ் கோப்புகளைக் கேட் கட்டளையால் படித்து, வருவதையெல்லாம் வீசிவிடும் டெவ் நல்லுக்கு அனுப்பும் ஒரு வரியை, நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கிரானில் சேர்த்துவிடுங்கள். ஒருமுறை படித்தாலே ரேமுக்கு வந்துவிடும். அதற்குப் பதிலாக வார்ம்-அப் தேடலையே கிரானில் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். விடை, சோலர் பழைய விடைகளை வைத்திருக்கும் குவரி ரிசல்ட் கேஷில் ஏற்கெனவே இருந்தால் சோலர் அங்கிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும், கோப்பைத் தொடாது.

கேட்பவர், மூன்று நாள் கழித்து:
இன்று காலை முதல் தேடல் அரை வினாடிக்குள் வந்தது! இரண்டு பேருக்கும் நன்றி அண்ணே. பேக்கப்பைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் ஒன்று: வார்மிங் சர்ச்சர்கள் அதிகம் என்று லாக்கில் எச்சரிக்கை வருகிறது. விலை மாறினால் உடனே தெரிய வேண்டும் என்று பத்து வினாடிக்கு ஒரு சாஃப்ட் கமிட் வைத்திருக்கிறேன். பழைய கேஷிலிருந்து எத்தனை பதிவுகளைக் கொண்டு புதியதைச் சூடாக்குவது என்ற ஆட்டோவார்ம் கவுண்ட் 500.

பதில், கும்பகோணம்:
ஒரு சர்ச்சர் சூடாகி முடிவதற்குள் அடுத்தது திறந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் எத்தனை சூடாகலாம் என்ற மேக்ஸ் வார்மிங் சர்ச்சர்ஸ் எண்ணைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள், ரேம்தான் போகும். விதை விலை ஒரு நாளில் இரண்டு முறை மாறினாலே அதிகம். கமிட்டை ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று தள்ளி, ஆட்டோவார்மை 30-க்கு இறக்குங்கள். ஆவணங்களை வைத்திருக்கும் டாக்குமென்ட் கேஷுக்கு அந்த ஆட்டோவார்ம் எண்ணே வேண்டாம். புது சர்ச்சரில் ஆவணங்களின் உள் எண்கள் மாறிவிடுவதால் அதைச் சூடேற்ற வழியில்லை.