ட்ரான்ஸ்பிளான்ட் முடிஞ்சு மூணு வருஷம் கழிச்சு தைராய்டு வருமா?

தம்பிக்கு அக்கா:
தம்பிக்கு 24 வயசு, ஏ.எல்.எல். பிளட் கேன்சருக்கு ஸ்டெம் செல் ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணி மூணு வருஷம் ஆச்சு, நான்தான் டோனர். அதுக்கு முன்னாடி உடம்பு முழுக்க ரேடியேஷன் குடுத்தாங்க. இப்ப நாலஞ்சு மாசமா படுத்தே கெடக்கான், மே மாச வெயில்ல ஃபேனை நிறுத்து குளிருதுங்கறான், முகம் உப்பிப்போச்சு. நோய் திரும்பிடுச்சோன்னு அம்மா தூங்கறதே இல்ல. ஆனா ரத்த கவுன்ட் எல்லாம் நார்மல், தைராய்டு டெஸ்ட்ல மட்டும் டி.எஸ்.எச். 18.6ன்னு ஜாஸ்தி, ஃப்ரீ டி4 கம்மி, அதாவது தைராய்டு சரியா சுரக்கல. தைராக்சின் மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகுது, ஒரு மாத்தமும் தெரியல. எனக்கு தைராய்டே கிடையாது, அப்புறம் எப்படி அவனுக்கு?

வார்டு நர்ஸ்:
உங்களால வந்தது இல்லம்மா, மனசுல போட்டுக்காதீங்க. டோனருக்கு தைராய்டு நோய் இருந்து பேஷண்டுக்கு வர்றது அபூர்வம். இது பெரும்பாலும் ரேடியேஷனோட வேலை, தைராய்டு கழுத்துலதானே இருக்கு, உடம்பு முழுக்க குடுக்கும்போது அதுவும் அடி வாங்குது, ஆனா உடனே காட்டாது, வருஷக்கணக்குல மெதுவா சோர்ந்துபோகும். மூணு வாரத்துல முழுசா தெரியாது, ஆறுலேந்து எட்டு வாரம் கழிச்சு திரும்ப டி.எஸ்.எச். பாத்துதான் டோஸ் மாத்துவாங்க. ஸ்டீராய்டு ரொம்ப நாள் எடுத்திருந்தா கார்ட்டிசால்ங்கற ஹார்மோனும் பாக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அது கம்மியா இருக்கும்போது தைராய்டு மாத்திரை மட்டும் குடுத்தா ஆபத்து. ஆமா, மாத்திரைய எதோட போடறான்?

ஒன்பது வருஷம் ஆச்சு:
எனக்கும் இதேதான். ட்ரான்ஸ்பிளான்ட் ஆனவங்க அசதியாத்தான் இருப்பாங்கன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் வீணாப் போச்சு, சட்டைக்குள்ள ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஆபீஸ் போனேன். இப்ப வருஷா வருஷம் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 நானே கேட்டு எழுதி வாங்கறேன், டாக்டர் கழுத்தையும் தடவிப் பாப்பாரு, ரேடியேஷன் வாங்குனவங்களுக்கு கட்டி வர வாய்ப்பு ஜாஸ்தி. தம்பி எழுந்து நடப்பான், கவலப்படாதீங்க.

தலசீமியா அம்மா:
சின்னப் பிள்ளைங்க வெச்சிருக்கவங்களும் கவனிங்க. என் பொண்ணு உயரத்த கதவு நிலைல பென்சில்ல கோடு போட்டு வெப்பேன், ஒரு வருஷமா கோடு மேல ஏறவே இல்ல, அதுலதான் சந்தேகமே வந்துச்சு. தலசீமியாங்கற ரத்த நோய்க்காக அவளுக்கு ரத்தம் ஏத்தி ஏத்தி சேந்த இரும்பும் தைராய்டுக்கு ஒரு காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க.

தம்பிக்கு அக்கா:
சிஸ்டர், நீங்க கேட்ட பிறகுதான் போய்ப் பாத்தேன். காலைல இட்லி சாப்ட்டு கால்சியம், தைராக்சின் எல்லாத்தையும் உள்ளங்கைல கொட்டி ஒரே வாய்ல முழுங்கறான்!

வார்டு நர்ஸ்:
அங்கதான் போகுது. கால்சியம், இரும்பு மாத்திரை எல்லாம் தைராக்சின உடம்புல சேரவிடாது, நாலு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்க. தைராக்சின எழுந்ததும் வெறும் வயித்துல தண்ணியோட போடணும், காபி, டிபன் எல்லாம் அரை மணி, முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சு. அடுத்த தடவ போகும்போது இப்படித்தான் போட்டுட்டு இருந்தான்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க, இல்லன்னா சும்மா டோஸ ஏத்திடுவாங்க.

தம்பிக்கு அக்கா:
சொல்லிடறேன் சிஸ்டர். தைராக்சின் டப்பாவ அவன் தலைமாட்டுல தண்ணி சொம்போட வெச்சுட்டேன், கால்சியம் என்கிட்ட.