ஓவர்வாட்ச் லீக் 2019: 25-3 எடுத்த டைட்டன்ஸ் மேலா, கோப்பை எடுத்த ஷாக் மேலா?

கேள்வி:
ஓவர்வாட்ச் என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டின் (அப்போது அணிக்கு ஆறு பேர்) லீக்கில், 2019 சீசனின் முதல் ஐந்து அணிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். லீக் சுற்று கணக்கு இது: வான்கூவர் டைட்டன்ஸ் 25-3, சான் ஃபிரான்சிஸ்கோ ஷாக் 23-5, நியூயார்க் எக்ஸெல்சியர் 22-6, ஹாங்ஜோ ஸ்பார்க் 18-10, லாஸ் ஏஞ்சலஸ் கிளாடியேட்டர்ஸ் 17-11. ஆனால் செப்டம்பர் 29 அன்று பிலடெல்ஃபியாவில் நடந்த கிராண்ட் ஃபைனலில் ஷாக் 4-0 என்று டைட்டன்ஸைத் துடைத்தெடுத்துவிட்டது. 28 ஆட்டத்தில் மூன்றே தோற்ற அணி, ஒரு மேப் (ஒரு களத்தில் ஆடும் சுற்று) கூட எடுக்க முடியாமல் போனது எப்படி? முதலிடத்தை யாருக்குத் தருவது? இன்னொரு சந்தேகம்: பிளேஆஃபுக்கு (லீக் சுற்றுக்குப் பின் கோப்பைக்கான கட்டம்) போகும்போது 23 வெற்றி எடுத்த ஷாக் 3-வது சீடு (தரவரிசை இடம்), 22 எடுத்த நியூயார்க் 2-வது சீடு. இது ஏன்?

பதில் 1:
சீடு விஷயம் சுலபம். 20 அணிகள், அட்லாண்டிக், பசிபிக் என்று இரண்டு டிவிஷன். டிவிஷனில் முதலாக வந்தவர்களுக்கே முதல் இரண்டு சீடும். டைட்டன்ஸும் ஷாக்கும் ஒரே பசிபிக்கில் இருந்ததால் ஷாக் 3-க்குத் தள்ளப்பட்டது. அட்லாண்டிக்கில் முதலாக வந்த நியூயார்க் 2-ஐ எடுத்துக்கொண்டது. அதனால் பட்டியல் போடும்போது சீடைப் பார்க்காதீங்க, வெற்றிக் கணக்கை மட்டும் பாருங்க.

மேப் கணக்கிலும் ஒரு கவனம் வேணும். அந்த சீசனின் லீக் சுற்றில் 3-0 ஆனாலும் நான்காவது மேப்பை ஆடியே ஆகணும்னு இருந்தது. 2-2 ஆனால்தான் ஐந்தாவது. பிளேஆஃபில் நான்கு மேப் முதலில் எடுப்பவருக்கு ஆட்டம். லீக்கில் வந்த 4-0-உம் ஃபைனலில் வந்த 4-0-உம் ஒரே எடை இல்லை.

பதில் 2:
"எப்படி" என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த ஒரே சீசனுக்குள் மூன்று வேறு வேறு ஆட்டங்கள் இருந்தன. அதைப் பிரிக்காமல் வரிசை போட்டால் தப்பாகத்தான் வரும்.

சீசனை நான்கு ஸ்டேஜாகப் பிரித்திருந்தார்கள், ஸ்டேஜுக்கு 7 லீக் ஆட்டம்; முதல் மூன்றின் முடிவிலும் தனியாக ஒரு சிறு பிளேஆஃப். முதல் மூன்றில், அதாவது 28-இல் 21 ஆட்டத்தில், யார் எந்த ஹீரோவை (விளையாட்டின் பாத்திரம்) வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்போது ஆண்டது கோட்ஸ் என்ற கூட்டணி: ரைன்ஹார்ட், ஸார்யா, டி.வா என்று மூன்று டேங்க் (முன்னே நின்று அடி தாங்குபவர்கள்). பிரிஜிட்டா, லூசியோ, ஸென்யாட்டா என்று மூன்று சப்போர்ட் (கூட்டாளிகளை ஆற்றுபவர்கள்). டேமேஜ் ஹீரோ (தாக்குவதே முக்கிய வேலை) ஒருவர்கூட இல்லை. டைட்டன்ஸின் ஆறு பேர் (பம்பர், ஜானு, சோமின்சூ, ஹக்சல், ஸ்லைம், ட்வைலைட்) இதற்காகவே பிறந்தவர்கள் மாதிரி ஆடினார்கள். லீக்குக்கு வருமுன்பே கொரியாவில் ரன்அவே என்ற பெயரில் ஒன்றாக ஆடியவர்கள். ஒருவர் பாய்ந்தால் மற்ற ஐவரும் சொல்லாமலே பாய்வார்கள். முதல் இரண்டு ஸ்டேஜிலும் லீக் ஆட்டங்கள் 14-க்கு 14.

நான்காவது ஸ்டேஜில் ரோல் லாக் வந்தது: 2 டேங்க், 2 டேமேஜ், 2 சப்போர்ட், மாற்ற முடியாது. கோட்ஸ் அன்றோடு முடிந்தது. பிளேஆஃபுக்கு சிக்மா என்ற புது டேங்கும் சேர்ந்ததும் ஒரீசா-சிக்மா இரட்டை ஷீல்டு (இருவரும் முன்னே கேடயம் போடுவது), பின்னால் மெய், ரீப்பர், டூம்ஃபிஸ்ட், பாஸ்டியன் என்று மறுபடி புது ஆட்டம்.

இங்கேதான் ஷாக்கின் பெஞ்ச் பேசியது. மெயின் டேங்கிலேயே சூப்பர், ஸ்மர்ஃப் என்று இருவர். டேமேஜில் சினாட்ரா, ஸ்ட்ரைக்கர், ஆர்க்கிடெக்ட், ராஸ்கல் என்று நால்வர். பயிற்சியாளர் கிரஸ்டி மேப்புக்கு ஏற்றபடி ஆளை மாற்றி இறக்கினார். அந்த சீசனின் எம்.வி.பி. (சிறந்த வீரர்) சினாட்ராவையே அவர் உட்கார வைக்கத் தயங்கவில்லை. பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் அட்லாண்டா ரெய்னிடம் 3-4 தோற்றுக் கீழ் வரிசைக்கு (ஒருமுறை தோற்றவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு) போனார்கள். பிறகு லண்டன், கிளாடியேட்டர்ஸ், ஹாங்ஜோ, நியூயார்க், கடைசியில் டைட்டன்ஸ்: ஐவரையும் 4-0. இருபது மேப், ஒன்றுகூட விடவில்லை. பிளேஆஃபில் இதைவிட முழுமையான ஓட்டத்தை அந்த லீக்கில் காட்டுவது கஷ்டம்.

என் கணக்கில் ஷாக்தான் முதலிடம், சந்தேகமே இல்லை. கோட்ஸ் காலத்திலும் அவர்கள் சளைத்தவர்கள் இல்லை: இரண்டாவது ஸ்டேஜின் லீக் ஆட்டங்களில் மேப் கணக்கு 28-0! இறுதிகளில் இந்த இரு அணிகளும் மோதியதைக் கூட்டிப் பாருங்கள். ஸ்டேஜ் 1-இல் டைட்டன்ஸ் 4-3, ஸ்டேஜ் 2-இல் ஷாக் 4-2, கிராண்ட் ஃபைனல் 4-0. மொத்தம் ஷாக் 11 மேப், டைட்டன்ஸ் 6.

கேள்வி கேட்டவர்:
நன்றி, இந்தக் கோணம் தோன்றவே இல்லை. அப்படியானால் ஷாங்காய் டிராகன்ஸை எங்கே வைப்பது? 13-15-தான், ஆனால் மூன்றாவது ஸ்டேஜை வென்றவர்கள்.

பதில் 3:
ஐந்துக்குள் வராது, ஆனால் பட்டியலுக்குக் கீழே தனியாக ஒரு வரி எழுதியே ஆகணும். 2018-இல் 40-க்கு 40-உம் தோற்ற அணி அது. மறு வருஷமே மூன்றாவது ஸ்டேஜின் பிளேஆஃபில் நியூயார்க், டைட்டன்ஸ், ஷாக் மூவரையும் சாய்த்தது, ஃபைனல் 4-3. கோட்ஸுக்கு எதிராக கோட்ஸ் ஆடாமல் மூன்று டேமேஜோடு இறங்கினார்கள்: டீயெம் விடோமேக்கரில், டிடிங் ஃபாராவில், யங்ஜின் டூம்ஃபிஸ்டில். கோட்ஸ் கிட்டே வந்தால்தான் அடிக்கும். ஃபாராவை வானத்தில் எட்ட முடியாது, விடோ தூரத்திலிருந்தே ஒரு சப்போர்டைத் தலையில் சுட்டுவிடுவார், ஆறு பேர் கூட்டம் ஐந்தாகிவிடும். அப்புறம் டூம்ஃபிஸ்ட் உள்ளே குதித்தால் போதும்.

பழைய வீடியோ பார்த்து எடை போடப் போறீங்கன்னா கில் எண்ணிக்கையைப் பார்க்காதீங்க. கோட்ஸ் ஆட்டத்தில் அல்டியை (ஆட ஆட நிரம்பிக் கிடைக்கும் பெரிய சக்தி) எண்ணுங்க. எதிரிகளை ஒரே இடத்தில் இழுத்துப் பிடிக்கும் ஸார்யாவின் கிராவிட்டன் விழுந்தால், எதிரணி ஸென்யாட்டா டிரான்ஸ்செண்டன்ஸ் போட்டு நொடிக்கு 300 உயிர்ப்புள்ளி ஆற்றுவார். அதையும் உடைக்க டி.வாவின் பாம் வேணும். ஒரே சண்டைக்கு மூன்று அல்டியைக் கொட்டி ஜெயிச்ச அணி அடுத்த சண்டையில் கையில் ஒண்ணும் இல்லாமல் நிற்கும். எதிரணி டி.வா மேட்ரிக்ஸைக் (பறந்து வருவதை விழுங்கும் தடுப்பு) காலி பண்ணும் வரை காத்திருந்துதான் கிராவிட்டனை விடுறாங்களான்னும் பாருங்க; இல்லேன்னா அதை டி.வா அப்படியே விழுங்கிடும்.

இரட்டை ஷீல்டு ஆட்டத்தில் மெய்யின் சுவர் எங்கே விழுதுன்னு பாருங்க. எதிரணியின் ஒரீசாவை அவங்க சப்போர்ட்கிட்டேயிருந்து பிரிக்கும் இடத்தில் சுவர் விழுந்தால் ரீப்பருக்கு இரண்டு நொடி போதும். கிராண்ட் ஃபைனலைப் போட்டு இந்த ஒண்ணை மட்டும் கவனிச்சீங்கன்னா 4-0-க்கான காரணத்தில் பாதி கிடைச்சிடும்.