மில்லை என்ன செய்யலாம்? (பங்காளிகள் வாட்ஸ்அப் குழு)

சென்னைத் தம்பி: [படம்] சும்மா கெடக்குற நம்ம ரைஸ்மில் புகைபோக்கில அரசங்கன்னு முளைச்சிருக்கு. பழைய இரும்புக்காரர் ஹல்லர் (நெல்லு அரைக்கிற பழைய மெஷின்), ஷாஃப்ட், பாய்லர் எல்லாத்துக்கும் மொத்தமா விலை கேக்குறார். குடுத்துடலாமா? இல்ல, மாத்திக் கட்டி, கவர்மெண்டு நெல்ல அரைச்சு அரிசியாத் திருப்பிக் குடுக்குற ரேஷன் அரவை எடுக்கலாமா?

திருவாரூர் அத்தான்: ரேஷன் அரவைய மறந்துடு மாப்ள. 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி திருப்பித் தரணும். பச்சரிசின்னா 67. ஹல்லர்ல 64 கண்டாலே பெருசு. 10 டன் லோடுக்கு 400 கிலோ கைய விட்டுப் போகும். நிறம் மாறின அரிசியப் பொறுக்கித் தள்ளுற கலர் சார்ட்டர் மெஷினும் வேணும். நமக்குக் கட்டாது.

வலங்கைமான் அக்கா: அந்த 4 கிலோ எங்க போவுது?

மன்னார்குடி மாமா: தவிட்டோட போவுதும்மா. உமி உரிக்கிறதும் தீட்டுறதும் ஒரே உருளை. உமி, தவிடு, நொய் மூணும் ஒரே சல்லடைல இறங்கிடும். எண்ணெய் ஆலைக்காரங்க இந்தத் தவிட்டத் தொட மாட்டாங்க, மாட்டுக்குத்தான் ஆகும். சல்லடை தேஞ்சா ஓட்டை பெருசாகி நொய் இன்னும் கொட்டும். பிளேடை இறுக்கினா அரிசி உடையும், தளர்த்தினா நெல்லு நிக்கும்.

பெரியப்பா: ஹல்லர் மேல கவர்மெண்டு கண் வச்சது இன்னிக்கு நேத்தில்ல. 1958 சட்டத்துல மில்லுக்கு லைசென்ஸ் வந்துச்சு. 1968 திருத்தத்துல நவீனமாக்கணும்னாங்க. 1997-ல சட்டத்தையே எடுத்துட்டாங்க. திருவாரூர் மாடர்ன் ரைஸ்மில் வளாகத்துல 1967-ல ஆரம்பிச்ச ஆய்வுக்கூடம்தான் இப்ப தஞ்சாவூர்ல இருக்குற நிஃப்டெம்ங்கிற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். அதுக்கப்புறமும் ஹல்லர் ஓடுச்சுன்னா காரணம் புழுக்கல். அவிச்ச நெல்லு அடி தாங்கும்.

சென்னைத் தம்பி: மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா அரைச்சுக் குடுக்கலாமே பெரியப்பா? இங்க நல்லா விக்குது.

மன்னார்குடி மாமா: ஹல்லர்ல போட்டியோ கெட்டுது. மாப்பிள்ளைச் சம்பாவோட சிவப்பே உரிஞ்சு வெள்ளையா வரும். சீரகச் சம்பா பச்சையாப் போனா பாதி நொய். ரெண்டு ரப்பர் உருளைக்கு நடுவுல விட்டு உமிய மட்டும் உரிக்கிற ரப்பர் ரோல் ஷெல்லர் வேணும். ஆனா நம்மாளுங்க ஷெல்லர மட்டும் வாங்கிடுவாங்க, பிரிப்பான் வாங்க மாட்டாங்க. ஒரு ஓட்டத்துல எல்லா நெல்லும் உரியாது. உரியாததப் பிரிச்சு மறுபடி உள்ள விடலன்னா அரிசில நெல்லு கலந்து நிக்கும்.

மன்னார்குடி மாமா: ரோல் ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தாது. வேகமா சுத்துறது முந்தித் தேயும், இடம் மாத்திப் போடணும். ஓட்டாதப்ப அழுத்தத்த விட்டுடணும், இல்லன்னா ரப்பர் ஒரு பக்கம் தட்டையாயிடும்.

வலங்கைமான் அக்கா: தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாசம் அடிக்கும், வண்டும் விழும். ஆர்டர் வந்தப்புறம் அரைச்சாப் போதும். நெல்லாவே வச்சிருங்க.

திருவாரூர் அத்தான்: மெஷின விடுங்க, களத்தப் பாருங்க. வெடிச்ச களத்துல அடி ஈரம் ஏறும். அவிச்ச நெல்ல ஒரே மூச்சுல காய வச்சா உள்ளுக்குள்ள கீறல் விழுந்து அரவைல உடையும். ஒரு அங்குலத்துக்குப் பரப்பி, அரை மணிக்கு ஒருக்க கிண்டி, ஈரம் 18 சதவீதம் வந்ததும் அம்பாரமாக் குமிச்சு மூடி, ரெண்டு மூணு மணி நேரம் விடணும். அப்புறம் 14 சதவீதத்துக்குக் காய வைக்கணும். குறுவை அறுப்பு மழைல இது நடக்காது, டிரையர் வேணும். முதல் செலவு அங்கதான்.

பெரியப்பா: ஊறல் தொட்டித் தண்ணி வாய்க்கால்ல இறங்கக்கூடாது. அந்த நாத்தம் தெருவையே தூக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரங்க முதல்ல அதத்தான் கேப்பாங்க.

சென்னைத் தம்பி: அப்ப பாய்லர்?

மன்னார்குடி மாமா: நெருப்பு வைக்கவே வைக்காத. இத்தன வருஷம் சும்மா கெடந்தது. உள்ள உப்பு படிஞ்சிருக்கும், குழாய் அரிச்சிருக்கும். அதிகாரி வந்து தண்ணி அழுத்தச் சோதனை பண்ணி சான்று குடுக்கணும். தேறலன்னா அத மட்டும் இரும்புக்குப் போடு. ஹல்லர் இருக்கட்டும், வீட்டு நெல்லு ரெண்டு மூட்டைன்னு வர்றவங்களுக்குக் கூலிக்கு ஓட்டலாம்.

வலங்கைமான் அக்கா: அரசங்கன்ன வெட்டிட்டு சும்மா விடாதீங்க. வேரு செங்கல் இடுக்குல போயிருந்தா மறுபடி துளிர்க்கும். கொத்தனார ஏத்தி வேரோட எடுத்துட்டுப் பூசச் சொல்லுங்க.

மன்னார்குடி மாமா: தம்பி, மோட்டார் தகட்டுல எத்தன ஹெச்பி போட்டிருக்குன்னு படம் எடுத்துப் போடு. ஷெல்லர் அதுலயே ஓடுமான்னு பாத்துடலாம்.