வெண்கலம் பூட்டிய சீனப் பீங்கான்: கையாளும்போது கவனிக்க வேண்டியவை

ஜாடியின் அடியைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். தூக்கிக் கவிழ்க்கத் தேவையில்லை. சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியும் டார்ச்சும் போதும். சீனப் பீங்கானுக்கு 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பூட்டிய, தங்க முலாமிட்ட வெண்கலம் என்றால் அடிவளையத்தின் உள்பக்கம் சொரசொரப்பாக, முலாம் இல்லாமல் பழுப்பேறி, ஓரத்தில் மட்டும் தங்கம் வழிந்திருக்கும். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசிச் சூடேற்றும் பழைய முறையில் வெளியே தெரியாத இடத்துக்குத் தங்கத்தை வீணாக்க மாட்டார்கள். உள்ளும் புறமும் ஒரே சீராக மின்னினால் மின்முலாம் என்று சந்தேகப்படலாம். அது 1840-க்குப் பிறகே பரவியது.

உலோகத்தில் குத்திய, கிரீடம் வைத்த ‘சி’ (C) முத்திரையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். 1745 முதல் 1749 வரை பிரான்சில் செம்பு கலந்த பொருள்களுக்கு விதித்த வரியின் அடையாளம் அது. அதற்கு முன்பு செய்து அந்த ஆண்டுகளில் கைமாறிய பொருளிலும் இருக்கும். போலி முத்திரைகளும் உண்டு.

* * *

பூட்டிய விதத்தையும் பாருங்கள். 1585 வாக்கில் இங்கிலாந்தில் வெள்ளி பூட்டிய பர்லி மாளிகைப் பீங்கான்கள் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து வேலையில் விளிம்பு வளையத்தையும் அடிவளையத்தையும் கீல் வைத்த பட்டைகளால் இணைப்பார்கள். பீங்கானில் துளையே விழாது. ஊசியை உருவினால் கழன்றுவிடும்.

பாரிஸ்காரர்கள் தயங்கவில்லை. கழுத்தை அறுத்தார்கள், துளைத்தார்கள், சாதாரணக் குடுவையைக் கைப்பிடி வைத்த கூஜாவாக்கினார்கள். இந்தப் பொருள்களை விற்ற பாரிஸ் வணிகர் லசார் துவோவின் 1748–58 கணக்கேட்டில், பதினைந்தாம் லூயி மன்னரின் காதலி மதாம் தெ பொம்பதூர் வாங்கியவையும் பதிவாகியிருக்கின்றன. வளையத்துக்கு அடியில் அறுத்த விளிம்பு இருந்தால் அது குறையில்லை, இந்தப் பொருளின் சரித்திரமே அதுதான். அதற்காக உலோகத்தைக் கழற்றி வீசுவது பெரும் பாவம். 1300 வாக்கில் சீனாவின் பீங்கான் நகரமான சிங்தெச்சனில் செய்த ஃபான்ட்ஹில் ஜாடிக்கு 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கதிதான் நேர்ந்தது. டப்ளின் அருங்காட்சியகத்தில் இப்போது வெறும் ஜாடி நிற்கிறது. பூட்டு எப்படி இருந்தது என்பதை 1713-இல் வரைந்த படத்தில்தான் பார்க்க முடியும்.

* * *

விரிசல் ஏன் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். குளிரும்போது பித்தளையும் வெண்கலமும் பீங்கானைவிட மூன்று நான்கு மடங்கு அதிகமாகச் சுருங்கும். 20 செ.மீ. விட்டமுள்ள வளையம் 20 டிகிரி குளிர்ந்தால், பீங்கானைவிட ஏறக்குறைய 0.05 மி.மீ. கூடுதலாக இறுகும். இடைவெளி இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆடுகிறதே என்று யாராவது நட்டை முறுக்கி வைத்திருந்தால் முதலில் துளையோரத்தில் மயிரிழைக் கீறல் விழும். ஆட்டத்தை நிறுத்த மெல்லிய தோல் வாஷர் போடுங்கள், நட்டைக் கை இறுக்கத்தோடு விட்டுவிடுங்கள். பழைய மரைகள் கையால் வெட்டியவை; ஒன்றின் நட்டு இன்னொன்றில் ஏறாது. கழற்றும்போதே ஒவ்வொன்றையும் அதனதன் போல்ட்டோடு தனிப் பையில் போட்டு இடத்தை எழுதி வையுங்கள்.

நம் வீட்டுப் பித்தளைக்குப் போடும் புளி, எலுமிச்சை, துலக்கும் பொடி எதுவும் கிட்டே வரக்கூடாது. தங்கப் படலம் மிக மெல்லியது, போனால் திரும்பாது. தண்ணீரில் முக்கினால் வளையத்துக்குள் ஈரம் தங்கிப் பச்சைக் களிம்பு பூக்கும்; பீங்கானின் பளபளப்புப் பூச்சில்லாத அடிவிளிம்பில் அந்தக் கறை ஊறிவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். அழுக்கு விடாவிட்டால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள்.

தூக்கும்போது முதலில் மூடியை எடுத்துவிடுங்கள். ஒரு கை அடியில், மறு கை வயிற்றில். பருத்திக் கையுறை வழுக்கும், நூல் வெண்கல இலைவேலையில் மாட்டும், நைட்ரைல் ரப்பர் கையுறை போடுங்கள். கைப்பிடியைப் பிடிக்கவே வேண்டாம், மொத்த எடையும் ஒரு திருகாணியில் தொங்கும்.