ட்ரைடனின் அப்சலோம்: ஊருக்கே தெரிந்த ஆளுக்கு எதற்கு வேஷம்?

மஞ்சக்குப்பம் மணி
தனித்தேர்வராக எம்.ஏ. ஆங்கிலம் எழுதுகிறேன். பகலெல்லாம் கடை, ராத்திரிதான் புத்தகம். ஆங்கிலக் கவிஞர் ஜான் ட்ரைடன் 1681ல் வெளியிட்ட 'அப்சலோமும் அகித்தோப்பேலும்' என்ற நையாண்டிக் கவிதை பாடத்தில் இருக்கிறது. கைடைத் திறந்தால் பட்டியல்தான். தாவீது என்றால் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் ராஜா, அப்சலோம் என்றால் அவருடைய திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் மான்மத் பிரபு, அகித்தோப்பேல் என்றால் ஷாஃப்ட்ஸ்பரி, சிம்ரி என்றால் பக்கிங்ஹாம் பிரபு. கடைசியில் "தணிக்கைக்குப் பயந்து பைபிள் கதையில் மறைத்தார்" என்று ஒரு வரி. படித்தவர்கள் எல்லோரும் யார் யார் என்று உடனே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும் அதே கைடு சொல்கிறது. அப்புறம் எதைத்தான் மறைத்தார்? எனக்கு பைபிளும் தெரியாது. யாராவது விளக்குங்களேன்.

ஓ.டி. ஸ்டெல்லா
தம்பி, முதலில் கதை. சாமுவேல் இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது. அப்சலோம் இஸ்ரவேல் ராஜா தாவீதின் மகன், அழகன். ஊர் வாசலில் நின்று, நியாயம் கேட்டு வருகிறவர்களையெல்லாம் கட்டித் தழுவி முத்தமிட்டு ஜனங்களைத் தன் பக்கம் இழுப்பான். எப்ரோனில் தன்னை ராஜாவாக்கிக்கொண்டு அப்பாவையே எருசலேமை விட்டு ஓட வைப்பான். அவனுக்கு யோசனை சொல்கிற கிழவன் அகித்தோப்பேல், தன் ஆலோசனை எடுபடவில்லை என்றதும் வீட்டுக்குப் போய் நான்றுகொள்வான். அப்சலோமின் தலை மரக்கிளையில் மாட்டிக்கொள்ள, யோவாப் குத்திக் கொன்றுவிடுவான். தாவீது ஜெயித்தும் மகனுக்காகக் கதறுவார். ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டுவிட்டு அழாத பிள்ளை கிடையாது.

முத்தியால்பேட்டை வாத்தியார்
ஸ்டெல்லாம்மா சொன்ன கடைசி இரண்டு சாவையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் மணி. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கைடில் இருக்கிற தணிக்கை வரியை அடித்துவிடுங்கள். அச்சு உரிமச் சட்டம் 1679லேயே காலாவதியாகிவிட்டது. அதோடு ட்ரைடன் அரசவைக் கவிஞர், ராஜா கட்சி. அரசாங்கத்துக்கு அவர் ஏன் பயப்பட வேண்டும்? பேர் போடாமல் வெளியிட்டார், அது உண்மை. 1679 டிசம்பரில் லண்டன் ரோஸ் சந்தில் கூலி ஆட்கள் அவரை அடித்துப் போட்டார்கள். ஏவியவர் யார் என்று கடைசிவரை நிரூபணமாகவில்லை. அடி வாங்கிய மனுஷன் பேர் போடுவாரா?

நிலவரம் இதுதான். ராஜாவுக்குச் சட்டப்படி பிள்ளை இல்லை. அடுத்த வாரிசு தம்பி ஜேம்ஸ், கத்தோலிக்கர். 1678ல் டைட்டஸ் ஓட்ஸ் என்ற புளுகன் (கவிதையில் கோராகு) 'கத்தோலிக்கர்கள் ராஜாவைக் கொல்லப் பார்க்கிறார்கள்' என்று கிளப்பிவிட, நாடே பற்றிக்கொண்டது. ஜேம்ஸை வாரிசுரிமையிலிருந்து நீக்கப் பாராளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர்களுக்குத் தலைவர் ஷாஃப்ட்ஸ்பரி. மான்மத்தை அவர் தூண்டிவிட்டார்.

இனி கவிஞரின் சங்கடத்தைப் பாருங்கள். மகனைத் திட்டினால் அப்பாவுக்கு வலிக்கும். திட்டாவிட்டால் கவிதை எதற்கு? அப்சலோம் கதை இதைத் தீர்த்துவிட்டது. பையன் நல்லவன், கிழவன் கெடுத்தான் என்று பழியை முழுக்க அகித்தோப்பேல் தலையில் இறக்கலாம். ராஜாவின் பெண் சகவாசம்கூடச் சிரிப்பாகிவிடுகிறது: பல தார மணம் பாவமாகாத காலத்தில் தாவீது இருந்தார் என்றுதான் கவிதையே ஆரம்பிக்கிறது! நேரடியாக எழுதினால் அது அவதூறு. இப்படி எழுதினால் ராஜாவும் சேர்ந்து சிரிக்கலாம்.

ஆனால் பெரிய சாமர்த்தியம், நிறுத்திய இடம். கலகம் வெடிப்பதற்கு முன்பே, தாவீது எழுந்து எச்சரித்துப் பேசுவதோடு கவிதை முடிந்துவிடுகிறது. மரமும் இல்லை, கயிறும் இல்லை. 'நானே கதையைக் கட்டியிருந்தால் அப்பாவையும் மகனையும் சமாதானப்படுத்தி முடித்திருப்பேன், இனியும் அது நடக்கலாம்' என்று ட்ரைடன் முன்னுரையில் எழுதுகிறார். பைபிள் தெரிந்த வாசகனுக்கு மிச்சம் தெரியுமே. மிரட்டலை எழுதவேயில்லை, வாசகன் தலைக்குள் வைத்துவிட்டார். மான்மத் கேட்கவில்லை. 1685ல் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்ததும் படை திரட்டித் தோற்றார், ஜூலை 15ஆம் தேதி தலை போயிற்று.

(தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைக்கும் இந்தத் தாவீதுக்கும் சம்பந்தமில்லை. அந்த டேவிட் வேல்ஸ் நாட்டுப் புனிதர். விடைத்தாளில் சேர்த்துவிடாதீர்கள்!)

நெல்லிக்குப்பம் கரும்பு
வாத்தியார் ரசிக்கிறார், சரி. ராஜாவிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு எதிர்க்கட்சிக்காரனைத் திட்டுவதற்குப் பேர் நையாண்டியா, ஜால்ராவா? அந்த ராஜாவே பிரான்சின் பதினான்காம் லூயியிடம் ரகசியமாகப் பணம் வாங்கியவர். நையாண்டி என்றால் பாரதி. வடலூர் வள்ளலார் பாட்டைத் திருப்பிப் போட்டு 'கோக்கலே சாமியார் பாடல்' எழுதினாரே, அது!

முத்தியால்பேட்டை வாத்தியார்
கோகலே மட்டும் ராஜாவா கரும்பு? அவரும் ஒரு கட்சித் தலைவர்தான், மிதவாதி. பாரதி அடித்தது காங்கிரசுக்குள் இருந்த எதிரணியை. நீங்கள் இழுக்க வேண்டியது 'பாஞ்சாலி சபத'த்தை. எங்கள் புதுச்சேரியில் இருந்தபோது எழுதியது, முதல் பாகம் 1912ல் வந்தது. பழைய பாரதக் கதை, அவர் காலத்து அரசியல். அங்கே அடி விழுவது ஆட்சிக்கு. அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் சம்பளக் கவிஞன் என்பதால் சிம்ரியை ஒதுக்க முடியாது. பக்கிங்ஹாம் 1671ல் ஒரு நாடகம் போட்டு ட்ரைடனைக் கோமாளியாக்கியவர். பத்து வருஷம் பொறுத்து ட்ரைடன் திருப்பிக் கொடுத்தார். சிம்ரி ஒரே மாதத்துக்குள் ரசவாதி, பிடில்காரர், ராஜதந்திரி, கோமாளி! கொலை, கொள்ளை என்று ஒன்றும் சொல்லவில்லை, எதிலும் நிலைக்காதவர் என்கிறார், அவ்வளவுதான். தலையை வெட்டியும் அது இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்று பின்னால் 1693ல் நையாண்டியைப் பற்றி அவர் எழுதியதற்கு இந்த வரிகள்தான் உதாரணம்.

பாட்டு உடனடியாகப் பலித்ததா என்றால், இல்லை. சிறையில் இருந்த ஷாஃப்ட்ஸ்பரியின் வழக்கு நடுவர் குழு முன் வருவதற்குச் சில நாள் முன்னால் வெளியிட்டார்கள். நவம்பர் 24ஆம் தேதி குழு வழக்கைத் தள்ளிவிட்டது. ஆதரவாளர்கள் பதக்கமே அடித்துக் கொண்டாடினார்கள். ட்ரைடன் விடவில்லை, அந்தப் பதக்கத்தின் மேலேயே அடுத்த கவிதை.

மஞ்சக்குப்பம் மணி
ரொம்ப நன்றி சார், அக்காவுக்கும். இரண்டாம் பாகம் என்று ஒன்று கைடில் போட்டிருக்கிறது. அதையும் படிக்கணுமா?

முத்தியால்பேட்டை வாத்தியார்
1682ல் வந்தது. பெரும்பகுதி நஹூம் டேட் எழுதியது, விட்டுவிடுங்கள். நடுவில் ட்ரைடன் எழுதிய சுமார் 200 வரி இருக்கிறது. அதில் ஓக் என்ற குண்டன் வருவான், அவர் எதிரிக் கவிஞர் ஷாட்வெல். அதை மட்டும் சத்தமாகப் படியுங்கள். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.