கணவரின் சிறுநீரகம் சேரவில்லை, முயலின் சீரம் காத்தது: ஏடிஜி ஏற்றிக்கொண்ட அனுபவம்

எனக்குச் சிறுநீரகம் தர முதலில் முன்வந்தவர் என் கணவர். இருவருக்கும் ஒரே இரத்த வகை. ஆனால் தருபவரின் அணுக்களை என் உடம்பு தாக்குமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் பரிசோதனை கைகொடுக்கவில்லை. என் சீரத்தில், அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியில், அவருடைய வெள்ளையணுக்களைச் சேர்த்து, முயல் சீரத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதங்களையும் விட்டுப் பார்த்தார்கள். எதிர்ப்பொருள் ஒட்டிய அணுக்களைக் கொல்பவை அவை. அவருடைய அணுக்கள் செத்துப்போயின. அவற்றைத் தாக்கும் எதிர்ப்பொருள் என் இரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். “இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறீர்களே அம்மா, அப்போதே உங்கள் உடம்பு அவரை அந்நியர் என்று குறித்து வைத்துக்கொண்டது” என்றார் மருத்துவர். பிள்ளை சுமந்த பெண்களின் சீரத்தில் இத்தகைய எதிர்ப்பொருள் இருப்பதை 1958-லேயே கண்டறிந்துவிட்டார்களாம். தன் சிறுநீரகத்தில்தான் ஏதோ குறை என்று எண்ணி, என் கணவர் வராந்தா பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அக்காவோடு பொருந்தியது. ஆனாலும் ஏற்கெனவே எதிர்ப்பொருள் ஊறிய உடம்பு என்பதால் ஏடிஜி (ஆன்டி தைமோசைட் குளோபுலின்) போட முடிவெடுத்தார்கள். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியின் மனித அணுக்களை முயலுக்குச் செலுத்தி, அதன் சீரத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்த மருந்து அது. புதிய உறுப்பைத் தாக்கப் புறப்படும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களை அழித்துவிடும். முயலால் அலர்ஜி உண்டா என்று இரண்டு முறை கேட்டார்கள்.

ஸ்டீராய்டும் பாரசிட்டமாலும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, கழுத்துக் குழாய் வழியே ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். இரண்டாவது மணியில் கட்டிலே ஆடும்படி குளிர் உதறியது. சிஸ்டர் சொட்டைக் குறைத்துவிட்டு, இரண்டு கம்பளி போர்த்தி, நடுக்கம் அடங்கும்வரை என் கையை விடவில்லை. மறுநாள் லிம்ஃபோசைட் (டி செல்கள் அடங்கிய வெள்ளையணு வகை) எண்ணிக்கை அடியோடு சரிந்திருந்தது. நான் பதறினேன், மருத்துவருக்கோ அதுதான் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபின் இலேசான காய்ச்சல் என்றாலும் மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காவல் இல்லாத உடம்பு அது.

மறுமொழி:

சகோதரி, என் தம்பிக்கு அப்ளாஸ்டிக் அனீமியா, எலும்பு மஜ்ஜை போதிய இரத்த அணுக்களை உண்டாக்காத நோய். தன் லிம்ஃபோசைட்டுகளே மஜ்ஜையைத் தாக்கியதால் குதிரை சீரத்தில் செய்த ஏடிஜி கொடுத்தார்கள். பாம்புக்கடி மருந்தும் குதிரையிடமிருந்துதானே வருகிறது என்று அம்மா தைரியமாக இருந்தார். ஏற்றிய நாட்களில் ஒரு தொந்தரவும் இல்லை. பத்தாம் நாள் முழங்கால் வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. மூட்டுவலி என்று தைலம் தேய்த்து ஒரு நாளை வீணாக்கினோம். அது சீரம் சிக்னஸ், வேற்று விலங்கின் சீரப் புரதத்தை உடம்பு எதிர்ப்பதால் சில நாள் கழித்து வரும் ஒவ்வாமை. ஸ்டீராய்டைக் கூட்டியதும் தணிந்தது. மருந்து ஏற்றிய இரண்டாவது வாரத்தில் கவனமாக இருங்கள்.